புளிப்புக் கிருமிகள்: கடைக்கு வருபவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

ரங்கூனில் காளி கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் மருந்துக்கடையில் உட்கார்ந்து பல வருடமாகிறது. அப்பா ஊருக்கு வெளியே பால்மாடு வைத்திருந்தவர். அதனால் மாட்டுக்கு வயிறு சரியில்லை, கோழிக்குஞ்சு சாகிறது என்று கேட்பவர்களும் என்னிடம்தான் வருவார்கள். 'புரோபயாடிக்' (உடம்புக்கு நல்லது என்று விழுங்கும் உயிருள்ள கிருமி) என்ற சொல் டப்பாக்களில் ஏறிய நாளிலிருந்து ஒரே சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வைபரில் தட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். சரி, ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உடம்பு நிஜமாகவே முடியாதவர்கள் டாக்டரிடம் போங்கள்.

கிருமின்னாலே நோய்தானே அக்கா? அதுல நல்லது எங்கேயிருந்து வந்தது?

நோய் கொடுக்கும் கிருமிகள் மொத்தக் கூட்டத்தில் ஒரு சின்னக் கும்பல்தான். மற்றவை மண்ணிலும் இலையிலும் நம் தோலிலும் குடலிலும் தம் பாட்டுக்குக் கிடக்கின்றன. அவற்றில் ஒரு வகை சர்க்கரையைத் தின்றுவிட்டு லாக்டிக் அமிலத்தைக் கழிவாக விடும். பால் தயிராவதும் மாவு புளிப்பதும் அந்தக் கழிவினால்தான். லாக்டோபாசிலஸ், லாக்டோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், லூகோனாஸ்டாக் என்று பல பெயர்கள் உண்டு. மொத்தமாக லாக்டிக் அமில பாக்டீரியா என்பார்கள். பால் புளிப்பது ஒரு நுண்ணுயிரின் வேலை என்று 1857-ல் காட்டியவர் லூயி பாஸ்டர்.

தான் இருக்கும் இடத்தைப் புளிக்கவைத்து, புளிப்பு தாங்காத மற்ற கிருமிகளை விரட்டிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்வது இவற்றின் பிழைப்பு. விரட்டப்படுபவற்றில் நமக்கு நோய் தருபவையும் இருப்பதால் நமக்கு லாபம். நமக்கென்று அவை எதுவும் செய்வதில்லை. இதை ஞாபகத்தில் வையுங்கள், கீழே மாட்டுக் கேள்வி வரும்போது தேவைப்படும்.

தயிர்ல இருக்கிற கிருமியும் நம்ம வயித்துல இருக்கிற கிருமியும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. கடைத் தயிரில் பெரும்பாலும் இரண்டு கிருமிகள்: லாக்டோபாசிலஸ் பல்காரிகஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். இரண்டும் பாலில் வாழப் பழகியவை. நம் குடலில் தங்கிக் குடும்பம் நடத்துவதில்லை, வழிப்போக்கர் மாதிரி வந்து போய்விடும். வீட்டு உறைமோரில் இருக்கும் கலவை வீட்டுக்கு வீடு வேறு. அதனால்தான் உங்கள் மாமியார் வீட்டுத் தயிர் ஒரு மாதிரியும் உங்கள் வீட்டுத் தயிர் இன்னொரு மாதிரியும் இருக்கிறது.

இரண்டும் ஒன்று என்ற எண்ணத்துக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இலியா மெச்னிகோவ், பல்கேரிய விவசாயிகள் நீண்ட ஆயுளோடு இருப்பதற்குப் புளித்த பால்தான் காரணம் என்று நம்பினார். அந்தக் கிருமியை 1905-ல் கண்டுபிடித்தவர் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர். 1908-ல் மெச்னிகோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது நோய் எதிர்ப்பு பற்றிய ஆராய்ச்சிக்கு, தயிருக்கு இல்லை. அந்தத் தயிர்க் கிருமி மனிதக் குடலில் குடியேறுவதில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் தயிர் ஐரோப்பா முழுக்க மருந்தாக விற்றுத் தீர்ந்திருந்தது.

அப்போ நம்ம உடம்புல இது எங்கெங்கே இருக்கு? எவ்வளவு இருக்கும்?

வாய், சிறுகுடல், பெருங்குடல், பெண்களின் பிறப்புறுப்பு. தோலில் கொஞ்சம். ஒரு மனித உடம்பில் எல்லா வகையும் சேர்த்து ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்கலாம் என்று 2016-ல் கணக்குப் போட்டார்கள். நம் சொந்தச் செல்கள் 30 லட்சம் கோடி. எடையில் பார்த்தால் அத்தனை பாக்டீரியாவும் சுமார் 200 கிராம்தான். 'உடம்பில் 2 கிலோ கிருமி' என்று வரும் செய்தியை நம்ப வேண்டாம்.

எல்லோரும் பேசும் லாக்டோபாசிலஸ் வகைகள் வளர்ந்தவர்களின் பெருங்குடலில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அங்கே பெரும்பான்மை வேறு இனங்கள். டப்பாவில் கூடவே போட்டிருக்கும் பைஃபிடோபாக்டீரியா, பரம்பரைப்படி பார்த்தால் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே இல்லை. அதுவும் லாக்டிக் அமிலம் விடுவதால் கூடச் சேர்த்துப் பேசுகிறார்கள். நானும் அப்படியே சேர்த்துக்கொள்கிறேன்.

பிறந்த குழந்தைக்கு இது எங்கேயிருந்து வருது சயாமா (டீச்சரம்மா)? நாம தரணுமா?

பெரும்பாலும் அம்மாவிடமிருந்துதான். பிரசவத்தின்போது, தோலோடு தோல் ஒட்டும்போது, பால் குடிக்கும்போது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில் பைஃபிடோபாக்டீரியாவை 1899-ல் பாரிசில் முதலில் பார்த்தவர் ஹென்றி டிசியே.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தாய்ப்பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் இருப்பது ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரை வகை. குழந்தையால் அதைச் செரிக்கவே முடியாது. அப்புறம் ஏன் தாயின் உடம்பு கஷ்டப்பட்டு அதைச் செய்கிறது? பைஃபிடோபாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. ஒரே பாலில் பிள்ளைக்கு ஒரு பந்தி, கிருமிக்கு ஒரு பந்தி. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் துணியில் நாற்றம் இல்லாமல் லேசாகப் புளித்த வாடை வருகிறதே, அது இந்தப் பந்தியின் வாடை.

நாம் தர வேண்டியது தாய்ப்பால்தான். சேனை வைக்கிறேன் என்று தேன் தடவாதீர்கள். தேனில் பாட்டுலிசம் என்ற கொடிய நோயின் வித்துகள் இருக்கலாம், ஒரு வயது வரை கூடாது. ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சைக்குழந்தைகளை வைத்துச் செய்து 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. பாதிப் பேருக்கு 7 நாள் லாக்டோபாசிலஸ் பிளான்டாரம் வகை ஒன்றைச் சர்க்கரைப் பொருளோடு கொடுத்தார்கள். இரத்தத்தில் கிருமி பரவுவதும் இறப்பும் சேர்ந்து 100-க்கு 9 என்பதிலிருந்து 5.4 ஆனது. பெரிய விஷயம்தான். ஆனால் அது தாய்ப்பால் குடிக்கும் நல்ல எடையுள்ள குழந்தைகளுக்கு, குறிப்பிட்ட ஒரு கிருமி, கண்காணிப்போடு. கடையில் கிடைக்கும் ஏதோ பொடியை விரலில் தொட்டு வாயில் வைப்பதற்கு அந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

என் பேரன் சிசேரியன்ல பிறந்தான். அவனுக்கு நல்ல கிருமியே இருக்காதாமே?

ஆரம்பத்தில் கலவை வேறாக இருக்கும், சில நல்ல வகைகள் குறைவாக இருக்கும். தாய்ப்பால் கொடுக்கக் கொடுக்க மாதங்களில் வித்தியாசம் குறையும். அதற்காக மருமகளைக் குறை சொல்வதை மட்டும் நிறுத்துங்கள் பெரியம்மா.

பர்மாக்காரங்க நம்ம மாதிரி தினமும் தயிர் சாப்பிடறதில்லையே. அவங்களுக்கு இந்தக் கிருமி கிடையாதா?

ஏன் கிடையாது? மேலே சொன்னபடி குடலில் குடியிருப்பது தயிரிலிருந்து வந்ததில்லை, அம்மாவிடமிருந்து வந்தது. அது தவிர இந்த நாட்டைப்போல் புளிக்கவைத்துத் தின்னும் நாடு குறைவு. தயிரும் உண்டு, டெய்ன்ஜின் என்று வெல்லத்தோடு சாப்பிடுவார்கள். கடுகுக்கீரையை வெயிலில் வாட்டி, உப்பும் அரிசி கழுவிய தண்ணீரும் சேர்த்து ஜாடியில் அழுத்தி வைத்தால் சில நாளில் மொன்ஞின்ஜின். மூங்கில் குருத்தைப் புளிக்கவைத்தால் மியிச்சின். எல்லாம் இந்தக் கிருமிகளின் கைவேலைதான். உப்பு ஒரு பக்கம் கெட்டவற்றை அடக்கும், இவை புளிப்பை ஏற்றி மறுபக்கம் அடக்கும்.

லப்பேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஷான் மலையில் நம்சான் பக்கம் கொழுந்து தேயிலையை ஆவியில் வாட்டி, கையால் தேய்த்துச் சுருட்டி, மூங்கில் கூடையில் அடைத்து மேலே பாரம் ஏற்றி மாதக்கணக்கில் விடுவார்கள். காற்று புகாத அந்த இருட்டில் லாக்டிக் பாக்டீரியா வேலை செய்யும். இலையின் கசப்பு அடங்கி, நாக்கில் ஒரு புளிப்பு நிற்கும். பூண்டுப் பொரியல், எள்ளு, வேர்க்கடலையோடு அரக்குத் தட்டில் வைத்து நீட்டும்போது, அதுவும் நம் ஊறுகாய்க்கு அக்கா தங்கைதான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு எச்சரிக்கை. மீனைச் சோற்றோடு புளிக்கவைக்கும் ஙச்சின்னைப் பச்சையாகச் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஆற்று மீனில் இருக்கும் ஈரல் புழுவை இந்தப் புளிப்பு கொன்றுவிடும் என்று நம்பி இருக்க முடியாது. வதக்கிச் சாப்பிடுங்கள்.

இட்லி மாவும் இதே கிருமியாலதானே புளிக்குது? அப்போ இட்லி தின்னா வயித்துக்குள்ள போயிடும்ல?

மாவைப் புளிக்கவைப்பதும் இவைதான். முக்கியமாக லூகோனாஸ்டாக் மெசென்ட்டிராய்ட்ஸ். அது அமிலத்தோடு காற்றையும் விடுவதால் மாவு பொங்குகிறது. உளுந்தின் பசை அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. (சென்னையில் தின்னும் இட்லியில் பாதி நம் மட்பே உளுந்துதான் என்று அங்குள்ள சொந்தக்காரர்களிடம் பெருமை பேசுவேன். பாதியோ காலோ, கப்பல் கப்பலாகப் போவது நிஜம்.)

ஆனால் இட்லிப்பானையின் ஆவியில் எல்லாம் செத்துவிடும். உயிரோடு ஒன்றும் வயிற்றுக்குப் போகாது. அதனால் இட்லி வீண் என்று அர்த்தமில்லை. புளிக்கும்போதே மாவிலுள்ள சில பொருட்களை அவை உடைத்து வைத்துவிட்டதால் செரிமானம் சுலபம்.

பழைய சோத்துல இரும்புச்சத்து 3.4-லேர்ந்து 73.91 ஆகுதுன்னு மெசேஜ் வந்துச்சு. நிஜமா?

இந்தச் செய்தி எனக்கே இருபது தடவை வந்திருக்கிறது. இரும்பு ஒரு தனிமம். கிருமியால் இரும்பைப் படைக்க முடியாது. இராத்திரி பானையில் எவ்வளவு இரும்பு இருந்ததோ காலையிலும் அவ்வளவுதான் இருக்கும், இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் ஒழிய.

நடப்பது வேறு. அரிசியில் ஃபைடேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. புளிக்கும்போது அது ஓரளவு உடைகிறது, இருக்கும் இரும்பு கொஞ்சம் எளிதாகச் சேரும். தீட்டிய வெள்ளை அரிசியில் இருப்பதே சொற்பம். எனக்கு நீராகாரம் பிடிக்கும். சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் கடித்துக்கொண்டு இரண்டு கும்பா குடிப்பேன். அதற்கு 73.91 எதற்கு?

பால் குடிச்சா வயிறு கடமுடாங்குது. தயிர் சாப்பிட்டா ஒண்ணும் பண்ணலை. எப்படி?

பாலிலிருக்கும் லாக்டோஸைச் செரிக்கும் நொதி உங்களுக்குச் சின்ன வயது தாண்டியபின் குறைந்துவிட்டது. இந்தப் பக்கத்து மக்களில் நிறையப் பேருக்கு அப்படித்தான், அது நோய் இல்லை. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் அங்கிருக்கும் கிருமிகள் அதைத் தின்று வாயுவை விடும். அதுதான் கடமுடா.

தயிரில் உறைந்த நேரத்திலேயே லாக்டோஸில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சத்தையும் தயிர்க் கிருமிகள் தங்கள் நொதியோடு உங்கள் சிறுகுடலுக்கே வந்து செரித்துக் கொடுக்கின்றன. வழிப்போக்கர் என்று சொன்னேனே, போகிற வழியில் செய்துவிட்டுப் போகும் உதவி இது. தயிரின் பலன்களில் சான்று மிக உறுதியாக இருப்பது இதற்குத்தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2010-ல் ஒப்புக்கொண்டது, கிராமுக்கு 10 கோடி உயிருள்ள கிருமியாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தயிரைத் தாளித்து அடுப்பில் கொதிக்கவிட்டால் இந்தப் பலன் பெரும்பாலும் போய்விடும்.

வயித்துல ஆசிட் இருக்கே. அதுல விழுந்தா இதெல்லாம் செத்துடாதா?

நிறையச் சாகும். வெறும் வயிற்றில் அமிலம் கடுமை, சாப்பாட்டோடு போனால் கொஞ்சம் தணியும். அதனால்தான் பெரும்பாலான காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு போடச் சொல்கிறோம். புளிப்பிலேயே வளர்ந்தவை என்பதால் சில வகைகள் தாக்குப்பிடிக்கும். ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930-ல் தேடித் தேர்ந்தெடுத்தது அப்படிப்பட்ட ஒரு வகைதான். 1935-லிருந்து யாகுல்ட் என்ற பெயரில் சின்னப் புட்டியில் வருவது அது. பிழைத்துப் போனாலும் தங்காது. குடிப்பதை நிறுத்தினால் சில நாட்களில் மலத்தில் காணாமல் போய்விடும். புட்டியில் சர்க்கரை இருப்பதைச் சர்க்கரைக்காரர்கள் மறக்க வேண்டாம்.

ஆண்டிபயாடிக் எழுதிக் குடுத்திருக்காங்க. கூடவே இந்தக் காப்ஸ்யூலும் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஆண்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கை, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, சில வகைகள் குறைக்கின்றன என்பதற்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. டாக்டர் எழுதியிருந்தால் வாங்குங்கள். இரண்டு மாத்திரைக்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய கிருமியைக் காசு கொடுத்து வாங்கிய மருந்தே கொன்றுவிடும். சக்காரோமைசஸ் புலார்டி என்று எழுதியிருந்தால் அது ஈஸ்ட். பாக்டீரியாவுக்கான ஆண்டிபயாடிக் அதைத் தொடாது.

"குடலை மறுபடி பழையபடி ஆக்கும்" என்ற விளம்பரம்தான் எனக்கு ஒப்பவில்லை. 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். ஆண்டிபயாடிக்குக்குப் பிறகு பல வகை கலந்த புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு, ஒன்றும் எடுக்காமல் இருந்தவர்களைவிடச் சொந்தக் கிருமிகள் திரும்பி வரத் தாமதமானது. வாடகைக்கு வந்தவர் வாசலை அடைத்துக்கொண்டால் வீட்டுக்காரர் எப்படி உள்ளே வருவார்?

இந்தியாவுலேர்ந்து வந்த அட்டையில 'லாக்டோபாசிலஸ் ஸ்போரோஜீன்ஸ்'னு போட்டிருக்கு. இன்னொண்ணுல வேற என்னமோ நீளமா இருக்கு. எது அசல்?

நல்ல கேள்வி, அட்டையைத் திருப்பிப் படிப்பவர்கள் அபூர்வம். லாக்டோபாசிலஸ் எதுவும் வித்து உண்டாக்காது. 'ஸ்போரோஜீன்ஸ்' என்றால் வித்து உண்டாக்குவது. ஆக அந்தப் பெயரே முரண். 1930-களில் வைத்த பெயர், கிருமி உண்மையில் பாசிலஸ் கோயாகுலன்ஸ். அதுவும் லாக்டிக் அமிலம் விடும், சாப்பிடலாம். பெயர்தான் தப்பு. பழக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நீளப் பெயர் கதை வேறு. லாக்டோபாசிலஸ் என்ற ஒரே பெயருக்குள் சம்பந்தமில்லாத இனங்கள் நிறைய சேர்ந்துவிட்டதால் 2020-ல் அதை 25 பேரினங்களாகப் பிரித்தார்கள். லாக்டோபாசிலஸ் பிளான்டாரம் இப்போது லாக்டிபிளான்டிபாசிலஸ் பிளான்டாரம். ரியூட்டரி இப்போது லிமோசிலாக்டோபாசிலஸ் ரியூட்டரி. பழைய அட்டையும் புதிய அட்டையும் ஒரே கிருமியாக இருக்கலாம். பெயருக்குப் பின்னால் 'ஜிஜி' மாதிரி எழுத்தோ எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். அது உள்வகை. ஒரே இனத்தில் ஒரு உள்வகை வயிற்றுப்போக்குக்கு உதவும், அதன் சகோதரம் ஒன்றுக்கும் உதவாது. உள்வகை எண் இல்லாத டப்பாவை நான் எடுத்துக் கொடுப்பதில்லை.

கரண்ட் போய்ப் போய் வருது. ஃபிரிட்ஜில வச்சதெல்லாம் வீணாப் போச்சா?

'குளிரில் வைக்கவும்' என்று எழுதியது நாலைந்து மணி நேரம் வெளியே இருந்தால் உடனே கெடாது, உயிருள்ள எண்ணிக்கை மெல்ல மெல்லக் குறையும். நாள்கணக்கில் அப்படி நடந்தால் மாவைத்தான் விழுங்குகிறீர்கள். சித்திரை வெயிலில் ரங்கூன் மச்சுவீடு அடுப்பு மாதிரி இருக்கும். மொத்தமாக வாங்கி அடுக்காமல் ஒரு வாரத்துக்கு வாங்குங்கள். மேலே சொன்ன வித்து வகை வெளியிலும் தாங்கும், மின்வெட்டுக் காலத்தில் அதற்கு அந்த ஒரு நன்மை.

அக்கா, இதை மெதுவாத்தான் கேக்கணும். பொம்பளைங்களுக்கு அங்கேயும் இந்தக் கிருமி இருக்காமே?

மெதுவாகக் கேட்க ஒன்றுமில்லை. 1892-ல் டெடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதி வைத்த விஷயம்தான். பெண் வயதுக்கு வந்தபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனால் அங்கே கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சேரும். அதிலிருந்து வரும் சர்க்கரையை லாக்டோபாசிலஸ் கிறிஸ்பேட்டஸ் மாதிரி வகைகள் தின்று அமிலத்தன்மையை பி.எச். 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கும் (பி.எச். என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). அதுதான் காவல். குரங்கு உட்பட மற்ற பாலூட்டிகளுக்கு அங்கே இந்தக் கிருமி மிகக் குறைவு. இவ்வளவு நெருக்கமான ஏற்பாடு மனுஷிக்குத்தான்.

உள்ளே சோப்போ டெட்டாலோ விட்டுக் கழுவினால் காவலைத்தான் கழுவி விடுகிறீர்கள். வெளிப்புறம் தண்ணீர் போதும். தயிரைத் தடவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தயிர்க் கிருமி வேறு இனம் என்று முன்பே சொல்லிவிட்டேன். நாற்றமோ அரிப்போ நிறம் மாறிய வெள்ளைப்படுதலோ இருந்தால் டாக்டரம்மாவிடம் காட்டுங்கள்.

பல் சொத்தைக்கும் இதுதான் காரணம்கிறாங்க. அப்போ நல்லதா கெட்டதா?

பல்லைச் சொத்தையாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸும் இந்தக் கூட்டம்தான், சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். வாயில் பி.எச். 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேல்பூச்சு கரையத் தொடங்கும். டீக்கடையில் உட்கார்ந்து பால்டின் (டின்னில் வரும் இனிப்புக் கட்டிப்பால்) டீயை மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுபவர்கள் கிருமிக்கு இடைவிடாத அன்னதானம் செய்கிறார்கள். குழி விழுந்தபின் லாக்டோபாசிலஸும் வந்து குடியேறும். குடலில் வேண்டிய அதே அமிலம்தான் பல்லில் ஆகாதது.

மாட்டுப் பொங்கலன்னைக்கு நல்லா இருந்த மாடு மறுநாள் படுத்து செத்துப் போச்சு. கண்ணு பட்டுடுச்சா?

கண் இல்லை, சோறு. இதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் செவலைக்கு அன்று மாலை போட்டுப் பொட்டு வைத்திருந்தது. தெருவில் இருந்தவர்கள் ஆளுக்கு ஓர் இலைச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து ஊட்டினார்கள், புண்ணியமாச்சே. மறுநாள் விடியற்காலை அது எழுந்திருக்கவில்லை. கண் உள்ளே போயிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. சாணி தண்ணியாக, புளித்த கள் வாடையோடு. அப்பா அதன் இடது விலாவில் கையை வைத்து அழுத்தினார். அசைவே இல்லை, உள்ளே தண்ணீர் சளசளத்தது.

மாட்டின் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும் புளிப்புத் தொட்டி. வைக்கோலும் புல்லும் மெல்ல உடைந்துகொண்டிருக்கும்போது பி.எச். 6, 7 அளவில் நிற்கும். லாக்டிக் கிருமிகள் அங்கே சிறுபான்மை. வேகவைத்த அரிசியும் வெல்லமும் திடீரென்று மொத்தமாக விழுந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற கிருமி வெறிபிடித்ததுபோல் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். பி.எச். 5-க்கும் கீழே இறங்கும். நாரைச் செரிக்கும் கிருமிகள் செத்துப்போக, புளிப்பு தாங்கும் லாக்டோபாசிலஸ் வந்து இன்னும் அமிலம் சேர்க்கும். அமிலக் கரைசல் உடம்பின் தண்ணீரை வயிற்றுக்குள் இழுக்கும், இரத்தமும் அமிலமாகும், மாடு சாயும். முதல் கேள்வியில் சொன்ன அதே குணம்தான். இடத்தைப் புளிக்கவைத்து மற்றதை விரட்டுகிறது. விரட்டப்பட்டவை மாட்டுக்கு உயிர்.

செவலை பிழைத்தது, கால்நடை டாக்டர் காலையிலேயே வந்து சோடா உப்புக் கரைசல் ஏற்றியதால். நீங்களாகக் கரைத்து ஊற்றப் பார்க்காதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பொங்கலுக்கு ஒரு கைப்பிடி போதும். அதற்கு முன்னே வயிறு நிறைய வைக்கோல் போட்டுவிடுங்கள். இலையோடு வருகிறவர்களை வாசலிலேயே வணங்கி அனுப்பிவிடுவது அப்பாவின் பிற்கால வழக்கம்.

மிஷின்ல பொரிச்ச கோழிக்குஞ்சு ஒரே வாரத்துல கழிச்சல் வந்து சாகுது. தாய்க்கோழி பொரிச்சது தப்பிக்குது. என்ன ரகசியம்?

தாய்க்கோழி தன் எச்சத்தையே குஞ்சுக்குச் சொத்தாகக் கொடுக்கிறது. அது கிளறிய மண்ணைக் கொத்தும்போது தாயின் குடல் கிருமிகள் குஞ்சுக்குள் போய் இடம் பிடிக்கின்றன. தீனிப்பையின் சுவரில் லாக்டோபாசிலஸ் மெழுகினாற்போல் ஒட்டி அங்கேயே புளிப்பை உண்டாக்கும். மிஷினில் பொரித்த குஞ்சுக்குக் காலி வீடு. முதலில் வருவது சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமியாக இருந்தால் அதுதான் வீட்டுக்காரன்.

ஃபின்லாந்தில் நுர்மி, ரந்தாலா என்ற இருவர் 1973-ல் இதைச் செய்து காட்டினார்கள். வளர்ந்த கோழியின் குடல் கிருமிகளை ஒரு நாள் குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மொனெல்லா ஒட்டுவது வெகுவாகக் குறைந்தது. கவனியுங்கள், அது பல இனங்கள் கலந்த கூட்டம். லாக்டோபாசிலஸ் பொடி மட்டும் தண்ணீரில் கலந்தால் அவ்வளவு பலன் வராது. இரத்தக் கழிச்சல் என்றால் அது காக்சிடியா என்ற ஒட்டுண்ணியால் வரும் வேறு நோய், இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

நாங்க சைவம். உயிருள்ள கிருமியை விழுங்கலாமா? அடுத்த வீட்டு பாய் ஹலாலான்னு கேக்கச் சொன்னார்.

கிருமி விலங்கு இல்லை. தயிர் சாப்பிடும் சைவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோடிக்கணக்கில் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியது காப்ஸ்யூலின் மேலோடு. பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாடு அல்லது பன்றியின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. இரண்டு வீட்டுக்கும் அதுதான் பிரச்சினை. 'எச்.பி.எம்.சி.' என்று போட்டிருந்தால் தாவர ஓடு. தூளாக வரும் பொட்டலமும் உண்டு. சில லாக்டிக் வகைகள் புளிக்கும்போது துளி ஆல்கஹாலும் உண்டாக்கும். அதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பள்ளிவாசல் ஹஜ்ரத், நான் இல்லை.

அப்பா ஐசியூவுல இருக்கார். தெம்புக்கு இதைக் கொடுக்கச் சொல்லலாமா? நல்ல கிருமிதானே, கெடுதல் பண்ணாதே?

நீங்களாகக் கொடுக்காதீர்கள். நெதர்லாந்தில் கடும் கணைய அழற்சி நோயாளிகள் 298 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. லாக்டிக் கிருமிக் கலவை கொடுக்கப்பட்டவர்களில் 24 பேர் இறந்தார்கள், வெறும் பொடி கொடுக்கப்பட்டவர்களில் 9 பேர். நல்லது செய்யும் என்று நம்பித்தான் ஆரம்பித்தார்கள்.

புற்றுநோய் மருந்து ஏறுகிறவர்கள், நெஞ்சில் குழாய் போட்டிருப்பவர்கள், குறைமாதக் குழந்தைகள் இவர்களுக்கு இந்தக் கிருமி அபூர்வமாக இரத்தத்துக்குள்ளேயே போய்விடும். குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் அமெரிக்க அரசு 2023-ல் எச்சரிக்கையே விட்டது. குடலை நிறைய வெட்டி எடுத்தவர்களுக்கு, செரிக்காத சர்க்கரையைத் தின்று இவை விடும் ஒருவகை லாக்டிக் அமிலம் தலைக்கேறி, குடிக்காமலே குடித்தவர்போல் உளறவைக்கும். கிட்டத்தட்ட செவலைக்கு வந்தது மனிதருக்கு வருவது. ஐசியூ டாக்டர் வேண்டுமென்றால் அவரே எழுதுவார்.

உறைமோர் தீர்ந்துபோச்சு, பக்கத்துல கேக்கவும் ஆளில்லை. மிளகாய்க் காம்பு போட்டா தயிர் ஆகுமாமே, பொய்தானே?

பொய்யில்லை. காம்பின் மேலேயே லாக்டிக் பாக்டீரியா ஒட்டிக்கொண்டிருக்கும். பாலைக் காய்ச்சி விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, நாலைந்து மிளகாய்க் காம்பைத் தலைப்போடு போட்டு, துணி சுற்றி அடுப்பு மூலையில் 12 மணி நேரம் விடுங்கள். பால்மாவைக் கரைத்தும் செய்யலாம். பால்டின் பாலில் ஆகாது, அத்தனை சர்க்கரையில் கிருமிக்கே தாகம் எடுத்துவிடும்.

முதல் தடவை வருவது கொழகொழவென்று நூல் விடும், வாடையும் சுமார்தான். அதைச் சாப்பிட வேண்டாம், அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றுங்கள். புளிப்பு தாங்குவது மட்டும் மிஞ்சிக்கொண்டே வரும். மூன்றாவது உறையில் கத்தியால் வெட்டுகிற மாதிரித் தயிர் வந்துவிடும். வந்ததும் ஒரு கிண்ணம் எனக்கும் எடுத்து வையுங்கள், கடையில் உறைமோர் கேட்டு வருபவர்கள் உண்டு.